பயப்படாத குட்டி

எங்கள் வீட்டுக்கு நாய் வருவதற்கு மூன்று மாதம் முன்பே ‘நாய் ஜாக்கிரதை’ பலகை வந்துவிட்டது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பெயின்டரிடம் அப்பா அதை எழுதி வாங்கி, கேட்டில் கம்பி போட்டுக் கட்டினார். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. திருடன் வந்தால் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான் என்பது அவர் எண்ணம். எங்கள் நகரில் அப்போது மொத்தமே நாலு வீடுதான், அதிலும் ஒன்று கட்டி முடிக்காதது. அந்தப் பலகையைத் தினமும் படித்தவள் நான் ஒருத்திதான்.

எண்பதுகளின் நடுவில், நான் ஏழாவது முடித்த விடுமுறையில், மாம்பலத்தில் ஐந்து குடித்தனம் இருந்த ஒரு வீட்டிலிருந்து இங்கே வந்தோம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் இறங்கி, உள்ளே பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். வழியெல்லாம் மனைக் கற்களும் முள்செடிகளும். ‘நகர்’ என்று பெயர் வைத்தவர் நல்ல கற்பனைக்காரர். சொந்த வீடு என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு சாவி. அதை ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து நானே பூட்டைத் திறந்து, உள்ளே போய், மறுபடியும் பூட்டிக்கொள்ள வேண்டும். அப்பா கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் செக்‌ஷனில் இருந்தார். மின்சார ரயிலில் வந்து, ஸ்டேஷனில் போட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு சேர ஏழரை ஆகும். அம்மா வருவதற்கு ஏழு. இடையில் இருந்த மூன்று மணி நேரத்தை என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போடும் ஆபரேட்டர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மதுரையையும் பம்பாயையும் சேர்த்துவிட்டு, “பேசுங்க, லைன்ல இருக்காங்க” என்று நாளெல்லாம் சொல்லுகிறவள். வீட்டுக்கு வந்தால் அவளுக்குக் குரல் மிச்சம் இருக்காது. “சாப்பிட்டியா?” “ஹோம்வொர்க் முடிச்சியா?” “லைட்டை அணை.” தினமும் இந்த மூன்றும்தான். நான் தலையை ஆட்டுவேன். எங்களுக்குள் சண்டை கிடையாது, வருத்தம் கிடையாது. பேச்சு என்ற ஒன்று ஏற்படவே இல்லை, அவ்வளவுதான். மாம்பலத்தில் இருந்தவரை அது எனக்கு உறைக்கவில்லை. அங்கே பேசுவதற்கு நாலு குடித்தனத்துப் பிள்ளைகள் இருந்தார்கள்.

வந்த இரண்டாவது மாதம் எதிர்ச் சாரி வீட்டில் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டப்பகலில். அந்த வீட்டு அம்மாள் உள்ளே துவையல் அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்ட அன்று அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நாய் வாங்கிடலாம்” என்றார்.

மற்ற வீடுகளில் நாய் எப்படி வருமோ எனக்குத் தெரியாது. யாராவது கொடுப்பார்கள், அல்லது தானாக வந்து படுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் எதுவும் வர முடியாது. அப்பா ஆபீசில் ஒரு பெட்டி குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விசாரித்து, வந்த விவரங்களை ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டி எழுதி, எது மேல் என்று பார்த்துக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கம்பேரடிவ் ஸ்டேட்மென்ட் என்று அதற்குப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே தாளைக் கூடத்துத் தரையில் விரித்து, ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார்.

இடது பக்கம் ஜாதிகள்: பொமரேனியன், அல்சேஷன், டாபர்மேன், ராஜபாளையம். மேலே வரிசையாகக் காவல், குரைப்பு, சாப்பாடு, வெயில் தாங்குதல், முடி உதிர்தல், குழந்தைகளுடன் பழகுதல். நாய் வளர்க்கும் ஆபீஸ் நண்பர்களை இரண்டு வாரம் மதிய உணவு நேரத்தில் குடைந்து எடுத்துத் தகவல் திரட்டியிருந்தார். பொமரேனியனுக்குக் குரைப்பில் ‘மிக அதிகம்’, காவலில் ‘சத்தம் மட்டும்’. அல்சேஷனுக்குச் சாப்பாட்டில் ‘தினம் கறி’ என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு. டாபர்மேனுக்குக் குழந்தைகளுடன் பழகும் கட்டத்தில் இரண்டு கேள்விக்குறிகள். ராஜபாளையத்துக்குத்தான் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. நம் வெயில் தாங்கும். தயிர்சோறு சாப்பிடும். வீட்டு ஆட்களைத் தவிர ஒருத்தரையும் அண்ட விடாது.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தாள். “கேட்டுக்கு வெளியில ஏற்கெனவே ஒண்ணு படுத்திருக்கே” என்றாள். பலகைக்கு நேர் கீழே, அதன் நிழலில், ஒரு பழுப்பு நிறத் தெருநாய் ஒரு மாதமாகக் குடியிருந்தது உண்மைதான்.

“அது இந்த லிஸ்ட்லயே இல்லை” என்றார் அப்பா.

கையெழுத்துப் போடும் முன் ஒரு நிபுணரையும் கேட்டுவிடுவோம் என்று என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் ஒரு எருமைக்கு ஊசி போட்டு முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே தாளைப் படித்தார். சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

“முதல் நாயா சார்?”

“ஆமாம் டாக்டர். இதுக்கு முன்னாடி அனுபவம் இல்லை.”

“நாயைப் பத்திதான் இவ்வளவு எழுதியிருக்கீங்க. உங்களைப் பத்தி ஒண்ணும் இல்லையே. பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?”

“யாரும் இருக்க மாட்டோம். இவ நாலு மணிக்கு வந்துடுவா.”

“அப்ப அது இவ நாய் சார். எந்த மாதிரி வேணும்னு இவளைக் கேளுங்க.”

அப்பா அதையும் பென்சிலால் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். ஆனால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நான் பேசினால் என் முகத்தைப் பார்க்கிற நாய் என்று சொல்லியிருப்பேன். அதற்கு அவருடைய தாளில் கட்டம் கிடையாது.

செம்பாக்கம் பக்கம் ஒருவர் ராஜபாளையம் குட்டிகள் வைத்திருப்பதாகத் தெரிந்து போனோம். அந்த ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனை மனையாகப் போய்விட்டது, மாட்டுக் கொட்டகை மட்டும் மிச்சம். அதில் ஐந்து குட்டிகள். அப்பா மஞ்சள் பையிலிருந்து எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டையும் சாம்பார் கரண்டியையும் வெளியே எடுத்தார். சாப்பிடப் போகிறாரோ என்று அந்த மனிதர் பார்த்தார். அப்பா குட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார். நாலு குட்டிகள் வைக்கோலுக்குள் பாய்ந்தன. ஒன்று மட்டும் அப்படியே உட்கார்ந்து தன் கால் நகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

“இன்னா சார், நாய்க்குப் பரீட்சை வெக்கிற?” என்றார் அவர்.

“தைரிய டெஸ்ட்” என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று தென்னை மரங்களுக்கு மேலே தாழப் பறந்து போனது. எங்கள் பக்கத்தில் அது தினசரிக் கூத்து, தகரக் கூரையெல்லாம் அதிரும். வைக்கோலுக்குள் இருந்த நாலும் இன்னும் உள்ளே போயின. ஐந்தாவது குட்டி எழுந்து, சோம்பல் முறித்து, என்னைப் பார்த்து நடந்துவந்தது. முழு வெள்ளை. மூக்கு ரோஸ். கண் இரண்டும் வெளிறிய நீலம். என் செருப்பின் மேல் உட்கார்ந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. நான் காலை அசைக்காமல் நின்றேன்.

“இதுதான்” என்றார் அப்பா.

“அத வுடு சார். அந்தக் கண்ணு வேற மாதிரி கீது. காதாண்ட புள்ளி வெச்சிகினு இருக்குதே, அத்த எடுத்துக்க. நல்லா வரும்.”

அந்த மனிதர் நல்லது சொன்னார். ஆனால் அப்பா இருபது வருடம் பர்ச்சேஸில் இருந்தவர். விற்கிறவன் எதை வேண்டாம் என்கிறானோ அதைத்தான் தனக்கென்று ஒளித்து வைக்கிறான் என்பது அவருடைய சித்தாந்தம். என் காதில், “பார்த்தியா, நல்லதை அமுக்கப் பாக்கறான்” என்றார். குட்டியை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, தட்டையும் கரண்டியையும் என் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை மிதித்தார். போகிற வழியெல்லாம் விசில் அடித்தார்.

அதற்கு ஒரு பெயர் வைத்தோம். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அதற்கே தெரியாத பெயர் மற்றவர்களுக்கு எதற்கு?

நாய் வந்த பிறகு நாலு மணி வேறு மாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறந்தால் அது கூடத்தில் சுருண்டு கிடக்கும். நான் புத்தகப் பையைப் பொத்தென்று தரையில் போட்டதும் எழுந்து உடம்பெல்லாம் வாலாக ஓடிவரும். பையின் சத்தம் கேட்டுத்தான் எழுகிறது என்று நினைத்தேன். அதற்குச் சோறு போட்டு, நானும் சாப்பிட்டு, ஐந்தரை மணிக்கு ஜன்னல்களை எல்லாம் சாத்துவோம். எங்கள் பக்கத்தில் அதுதான் கொசு வருகிற நேரம். பக்கத்து மனையில் மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கி ஒரு படையே இருந்தது. சாத்தின ஜன்னலுக்குக் கீழே நான் கால் நீட்டி உட்கார, அது எதிரே வந்து உட்காரும். பிறகு பேசுவேன்.

ஏழு மணி வரை பேசுவேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் பெஞ்சில் சாக்பீஸால் கோடு போட்டு, “இதைத் தாண்டி உன் கை வரக் கூடாது” என்று சொன்னது. மதியம் எல்லோரும் வட்டமாக உட்காரும்போது நான் குழாயடிக்குப் போய் டிபன் பாக்ஸைக் கழுவுகிற மாதிரி நின்றே சாப்பிட்டு முடிப்பது. கணக்கு டீச்சர் என்னை மூன்று மாதமாக “புதுப் பொண்ணு” என்றே கூப்பிடுவது. மாம்பலத்துச் சிநேகிதிக்கு இரண்டு இன்லண்ட் லெட்டர் போட்டும் பதில் வராதது. எல்லாவற்றையும் அந்த நாய் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கவனித்தது. மனிதர்கள் கேட்கும்போது அங்கே இங்கே பார்ப்பார்கள், தலை சொறிவார்கள். இது என் வாயையே பார்க்கும். நான் அழுதால் அதன் நெற்றி சுருங்கும். உலகத்திலேயே என் பேச்சை முழுசாகக் கேட்கிற ஒரே ஜீவன் இதுதான் என்று நம்பினேன்.

ஒரு நாள் அதனிடம் சொன்னேன்: “அம்மாவுக்கு ஊர்ல இருக்கறவங்க கிட்ட எல்லாம் பேச முடியும். என்கிட்ட பேசத்தான் வாய் இல்லை. எனக்கு அம்மா இருக்கற மாதிரியே இல்லை.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் பயந்தேன். நாய் வழக்கம்போல நெற்றியைச் சுருக்கியது. யாரிடமும் போட்டுக்கொடுக்காது என்ற தைரியத்தில் அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னேன்.

கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவேன். சில நாள் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நாய் மூக்கைத் தூக்கி ஜன்னல் இடுக்கைப் பார்த்து வாலை ஆட்டும். பல்லி என்று நினைத்துக்கொள்வேன். அம்மா உள்ளே வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பாள், ஒரு காலால் மறு காலைத் தேய்த்துச் சொறிந்துகொண்டே. பஸ் ஸ்டாப்பில் கொசுக் கடி போல. “சாப்பிட்டியா?” என்பாள்.

தீபாவளி வந்தது. எதிர் வீட்டில் அணுகுண்டு வெடித்தார்கள். கேட்டடியில் இருந்த பழுப்பு நாய் ஓடியே போனது, இரண்டு நாள் ஆளைக் காணோம். எங்கள் நாய் வராந்தாவில் மல்லாந்து தூங்கியது. எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார் அப்பா. “நூறு குட்டியில ஒண்ணு சார் இப்படி. நான் டெஸ்ட் பண்ணி எடுத்தது.”

எனக்கு அன்றுதான் முதல் முறையாக என்னமோ மாதிரி இருந்தது. தூங்கும் நாய்க்கும் காது ஆடுமே. இதன் காது ஆடவில்லை.

லீவு முடிந்து பள்ளி திறந்த நாள், பையைத் தரையில் போடாமல் நாற்காலியில் மெதுவாக வைத்தேன். நாய் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கத்திக் கூப்பிட்டேன். சமையலறைக்குப் போய் அதே எவர்சில்வர் தட்டையும் அதே கரண்டியையும் எடுத்துவந்து அதன் தலைக்கு ஒரு அடி தள்ளி அடித்தேன். என் காது வலித்தது. அது நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காலால் தரையை உதைத்தேன். உடனே துள்ளி எழுந்து, என்னைப் பார்த்து, உடம்பெல்லாம் வாலாக ஓடிவந்தது.

நான் அதைத் தள்ளிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. மூன்றரை மாதமாக நான் பேசியதில் ஒரு சொல்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. அது என் வாயசைவை வேடிக்கை பார்த்திருக்கிறது. கோடு போட்டவளைவிட இது என்னை அதிகமாக ஏமாற்றிவிட்டதாகத் தோன்றியது. நாலு நாள் அதனிடம் பேசவில்லை. பாடப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது புத்தகத்தைச் சுற்றி வந்து பக்கவாட்டில் என் முகத்தைத் தேடும். ஐந்தாவது நாள் அழுதுவிட்டேன், பிறகு எல்லாவற்றையும் விட்ட இடத்திலிருந்து சொன்னேன். அதற்குக் கேட்காது என்று தெரிந்தேதான் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல?

அதற்குப் பிறகு வந்தது பயம். அப்பாவின் ஆபீசில் பழுதான சாமானை ஒரு நாளும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சிவப்பு மையில் ‘ரிஜெக்டட்’ என்று எழுதி, கொடுத்தவனிடமே திருப்பிவிடுவார்கள். அவருக்குத் தெரிந்தால் நாயும் மஞ்சள் பையில் திரும்பிப் போகும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். அப்பா வரும் நேரத்துக்கு நாயை கேட்டைப் பார்த்தபடி வராந்தாவில் உட்கார வைப்பேன், ஆளைக் கண்ணால் பார்த்துக் குரைக்கட்டும் என்று. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் மேஜைக்குக் கீழே காலால் தரையைத் தட்டுவேன். அது நிமிரும். வா என்பதற்கு ஒரு கை, உட்கார் என்பதற்கு ஒரு கை, எல்லாம் பழக்கினேன். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு உழைத்ததில்லை. “அறிவுன்னா இதுதான் அறிவு” என்று அப்பா தட்டிக்கொடுப்பார். நாயைத்தான்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை எல்லாம் உடைந்தது. அப்பாவுக்கு அரை நாள் லீவு, குளித்துக்கொண்டிருந்தார். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கேட்டைத் திறந்து, வராந்தாவில் தூங்கிய நாயைத் தாண்டிக் காலை வைத்து, மீட்டரைப் படித்து, அட்டையில் எழுதி, மறுபடியும் அதைத் தாண்டப் போனார். அப்பா துண்டோடு வந்தபோது அவர் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமுமாக நின்றிருந்தார்.

“போர்டைப் பாத்து பயந்துகினே வந்தேன் சார். எவ்ளோ சவுண்டு வுட்டேன் தெர்மா? இதுக்குக் காது கேக்காது போல கீதே.”

அவர் போனதும் அப்பா சமையலறைக்குப் போய்த் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்தார். இந்த முறை எனக்கு அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. கொல்லையிலிருந்து ஓடிவந்த என்னைப் படியில் உட்கார வைத்துவிட்டுத் தட்டில் மூன்று தடவை அடித்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

“உனக்குத் தெரியுமா?”

நான் எழுந்து போய் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நாளைக்குக் காலைல செம்பாக்கம் போறோம். இதைக் குடுத்துட்டு அந்தப் புள்ளி வெச்ச குட்டி இருந்தா எடுத்துக்கலாம்.” என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஏமாந்த அவமானம்தான் அவர் முகத்தில் இருந்தது. அது எனக்கு அன்றே தெரிந்தது. ஆனாலும் நான் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊர் கேட்கும்படி அழுதேன். ஊர் இருந்தால்தானே கேட்பதற்கு?

அன்று அம்மா ஆறரைக்கே வந்துவிட்டாள். கைப்பையைக் கூட இறக்கி வைக்கவில்லை, அப்பா எல்லாவற்றையும் ஒப்பித்தார். அம்மா சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அதுக்குக் காது கேக்காதுன்னு. வந்த ரெண்டாவது வாரமே தெரியும். அந்தப் பக்கம் ஆள் கேக்கறாங்களா இல்லையான்னு பாக்கறதுதாங்க என் வேலையே.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

அம்மா சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். “அது இங்கேயே இருக்கட்டும்.”

“காவலுக்குன்னு வாங்கினது.”

“காவலுக்கு நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிக்கலாம்” என்றாள் அம்மா. ஒரே நாளில் அவள் அவ்வளவு பேசி நாங்கள் பார்த்ததில்லை. அப்பா சட்டை மாட்டப் போனார்.

நான் அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். தை மாத மொச்சைக்காய் ஒரு முறம் நிறைய இருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து உரித்தோம். நாய் நடுவில் வந்து படுத்தது. அம்மா என்னைப் பார்க்காமல் காயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அந்தக் கோடு போட்ட பொண்ணு இப்பப் பேசறாளா?”

எனக்குக் கை நின்றுவிட்டது. அவளைப் பற்றி நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

“ஜன்னலுக்கு வெளியில நின்னா கேக்கும்” என்றாள். “சாத்தியிருந்தாலும் ஒட்டி நின்னா கேக்கும். டியூட்டி சீக்கிரம் முடியற நாள்ல நிப்பேன். பத்து நிமிஷம், கால் மணி. அப்புறம்தான் கேட் தாழ்ப்பாளைப் போடுவேன். உள்ள வந்தா நீ நிறுத்திடுவே.”

“கொசு கடிக்குமே” என்றேன். என் வாயில் அதுதான் வந்தது.

“கடிக்கும்.” நாலைந்து மொச்சையை உரித்துப் போட்டாள். “வேற நாயா இருந்தா குரைச்சு என்னைக் காட்டிக் குடுத்திருக்கும். அது கேக்கலைன்னு தெரிஞ்சா நீ பேசறதை விட்டுடுவே. அதான் சொல்லலை.” முறத்தை என் பக்கம் தள்ளி, “எனக்கு வாய் இல்லைன்னு சொன்னியே. அன்னைக்கும் நின்னுட்டுதான் இருந்தேன்” என்றாள்.

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. லைன் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது எப்படிச் சொல்வாளோ, அப்படிச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், மடியில் விழ வேண்டும், இனிமேல் உன்னிடமே சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். எதுவும் வரவில்லை. அவளுக்கும் அதற்கு மேல் வரவில்லை. மூன்று மணி நேரம் தனியாக இருந்தவள் நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே கைப்பையோடு நின்றவளைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. முறம் காலியாகும் வரை உரித்தோம். அம்மா எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அந்த நாய் பதினோரு வருடம் இருந்தது. தொண்ணூறுகளில் எங்கள் நகரில் மனைக் கற்களெல்லாம் வீடுகளாகி, தண்ணீர் லாரி தெருவுக்குள் வர ஆரம்பித்து, டிரங்க் கால் போடுகிற வேலையே இல்லாமல் போன பிறகும் இருந்தது. வீட்டில் திருட்டு எதுவும் போகவில்லை. அதற்குப் பூட்டு காரணமா, பலகை காரணமா என்று அப்பாவால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை. அவருடைய தாள் பழைய பைல் ஒன்றில் பத்திரமாக இருந்தது. டாக்டர் சொன்னதை ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தாரே, அந்த இடம் மட்டும் அழிந்துபோயிருந்தது. முதல் நாய்க்கு எந்த ஜாதி நல்லது என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்கு வந்தது சரியான நாய் என்று மட்டும் தெரியும்.

மொச்சை உரித்ததற்கு அடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்கு நான் பள்ளியிலிருந்து வந்தேன். பையைத் தரையில் போட்டேன், அது ஓடிவந்தது. சோறு போட்டேன். ஐந்தரைக்கு எல்லா ஜன்னலையும் சாத்தினேன், நான் உட்காருகிற ஜன்னலைத் தவிர. கொசு கும்பலாக உள்ளே வந்தது. நாயை எதிரே உட்கார வைத்துவிட்டுச் சும்மா காத்திருந்தேன். ஆறே முக்கால் இருக்கும், தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தமே இல்லாமல் கேட் திறந்தது. வெளிச் சுவரோரம் ஒரு கைப்பை உரசியது. நாய் ஜன்னலைப் பார்த்து வாலை ஆட்டியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக, “இன்னைக்குக் கிளாஸ்ல என்ன ஆச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தேன்.